ஐம்பதிலும் வளையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நாம் எல்லோரும் அறிந்த முதுமொழி. பிள்ளைகளைச் சிறுவயதிலேயே நல்வழியிற் பழக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால், நாளடைவில் அம்மொழியை நாம் உடம்பின் மீதும் ஏற்றிவிட்டோம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தேகப்பயிற்சி செய்யப் புறப்பட்டால், "வயது போன காலத்தில் உதென்ன விளையாட்டு?" என்று வீட்டாரும் கேட்கின்றனர், அயலாரும் கேட்கின்றனர். அவர் தாமும் அவ்வாறே எண்ணித் திரும்பிவிடுகின்றார். அவர் தொடப் புறப்பட்டது பாரந்தூக்கும் இரும்பாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டியதில்லை.

ஆகவே, மூத்தோர் பாரந்தூக்கற் பயிற்சி செய்யலாமா, செய்யலாமெனில் எம்முறையிற் செய்யவேண்டும் என்பதையே இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம். சிறப்பாக, ஒலிம்பிக் முறைத் தூக்குகளையும் கெற்றில்பெல் பயிற்சியையும் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலிற் பொருளை விளக்கிக்கொள்வோம். ஒலிம்பிக் போட்டிகளில் இன்று இரண்டு தூக்குகளே உள்ளன. ஸ்னாச் என்பது நிலத்திற் கிடக்கும் பாரத்தை இடையில் எங்கும் நிறுத்தாது, ஒரே வீச்சில் தலைக்கு மேலே நீட்டிய கைகளில் ஏந்தி நிற்பது. கிளீன் அன்ட் ஜேர்க் என்பது பாரத்தை முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து நின்று, பின்னர் கால்களின் உந்துதலினால் தலைக்கு மேலே செலுத்துவது. பிறெஸ் என்ற மூன்றாவது தூக்கு 1972ஆம் ஆண்டு மியூனிக் போட்டியுடன் கைவிடப்பட்டது. ஆடவர்க்குரிய தண்டின் நிறை 20 கிலோ; மகளிர்க்குரியது 15 கிலோ. மகளிர் பாரந்தூக்கல் 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் போட்டிகளிற் சேர்க்கப்பட்டது.

கெற்றில்பெல் என்பது கைப்பிடி வைத்த வார்ப்பிரும்புக் குண்டு. ருஷியர் அதனைக் கிர்யா என்பர். சந்தையிலே தானியம் நிறுப்பதற்குப் படிக்கல்லாக இருந்த பொருளே பின்னர் பலம் காட்டும் பொருளாயிற்று. பூட் என்பது ருஷியரின் பழைய நிறையளவு. ஏறக்குறைய 16 கிலோ 380 கிராம் கொண்டது. ஆதலினாலேதான் இன்றும் இக்குண்டுகள் 16, 24, 32 கிலோ என, அதாவது ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் என்ற கணக்கில் வருகின்றன. பயில்வோரின் வசதிக்காக 8, 12 கிலோக் குண்டுகளும் உண்டு.

இவையெல்லாம் இளைஞர்க்கே உரியன என்று எண்ணுவோர் ஒரு வரலாற்றை அறிதல் நன்று. ருஷிய நாட்டிலே இக்கலையை முறைப்படுத்தியவர் ஓர் இளைஞரல்லர். விளாடிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்னும் வைத்தியர். 1841இற் பிறந்த அவர், 1885இல் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே பாரந்தூக்குவோரின் கழகம் ஒன்றை அமைத்தார். அப்பொழுது அவர் நாற்பதைக் கடந்தவர். தாமும் இரும்பைத் தூக்கிப் பழகி, பிறரையும் பழக்கினார். அவரிடம் பயின்ற ஜோர்ஜ் ஹக்கன்ஸ்மித் உலகப் புகழ்பெற்ற மல்லராக விளங்கி, 1968இல் தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார். ருஷியப் பாரந்தூக்கலின் தந்தையெனப் போற்றப்படுபவர் நடுவயதிலே இத்துறையிற் புகுந்து உழைத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னுமொருவர் அமெரிக்கரான நோர்பேட் ஷெமான்ஸ்கி. 1948இல் வெள்ளிப் பதக்கமும், 1952இல் தங்கப் பதக்கமும் பெற்ற அவருக்கு முதுகெலும்பிலே சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. 1956ஆம் ஆண்டுப் போட்டி தவறிப்போயிற்று. அத்துடன் அவர் முடிந்தார் என்று கருதினோர் பலர். ஆனால் அவர் 1960இல் உரோமாபுரியிலும், 1964இல் தோக்கியோவிலும் வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். தோக்கியோவில் அவருக்கு வயது நாற்பது. ஒலிம்பிக் பாரந்தூக்கலில் நான்கு பதக்கங்கள் பெற்ற முதல்வரும் அவரே.

நாற்பது வயதுடன் கதை முடிந்துவிடவுமில்லை. மூத்த விளையாட்டு வீரர்க்கென்றே நடைபெறும் உலக மாஸ்ரர்ஸ் விளையாட்டு விழா முதன்முதலாக 1985இல் ரொறன்ரோ நகரில் நிகழ்ந்தது. அதே ஆண்டிலேதான் சோவியத் ஒன்றியத்தின் முதலாவது கெற்றில்பெல் வாகைப் போட்டி லிப்பெற்ஸ்க் என்னும் நகரில் நடந்தது. இன்று மூத்தோர் பாரந்தூக்கற் போட்டிகளில் ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. எழுபது வயதைக் கடந்தோரும் மேடையேறுகின்றனர். வெவ்வேறு வயதினரை ஒப்பிடுவதற்கு, தூக்கிய நிறையை வயதுக்கேற்ற ஓர் எண்ணாற் பெருக்கும் கணக்கு முறையும் உண்டு. அவ்வெண் வயது ஏற ஏற உயர்ந்து செல்வது ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்கின்றது: எத்துணைப் பயிற்சி செய்தாலும் எழுபது வயதினர் இருபது வயதினரின் பாரத்தைத் தூக்கப்போவதில்லை. பயிற்சியினால் முதுமை ஓடிவிடும் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. முதுமையின் இயல்பான தளர்ச்சி வேறு, உழைப்பின்மையால் வரும் தளர்ச்சி வேறு என்பதையே சொல்ல வந்தோம். முன்னதை எம்மால் தடுக்க முடியாது. பின்னதை எவ்வயதிலும் தடுக்கலாம்.

நடுவயதிலிருந்து எமது தசைகள் சிறிது சிறிதாகக் கரைகின்றன. இவ்வாறு தசை கரைதலுக்குச் சார்க்கோபீனியா என்ற பெயரை 1989இல் இர்வின் றோசன்பேர்க் என்னும் அறிஞர் வழங்கினார். இதிற் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாரத்தைத் தாங்கும் வலிமை குறைவதைக் காட்டிலும், அவ்வலிமையை விரைவாகப் பயன்படுத்தும் ஆற்றல் வேகமாகக் குறைகின்றது. விரைந்து சுருங்கும் தசைநார்களே முதுமையில் அதிகம் மெலிகின்றன. கிணற்றடியிலே பாசியிற் கால் வழுக்கும்பொழுது எம்மைக் காப்பது எவ்வளவு பாரம் சுமக்கவல்லோம் என்பதன்று. மற்றைக் கால் எத்துணை விரைவாக முன்னே சென்று ஊன்றும் என்பதே. ஊன்றத் தவறினால் இடுப்பெலும்பு முறிகின்றது. அதன்பின் கட்டிலும் பிறர் கையும் என்றாகிவிடுகின்றது வாழ்க்கை. எத்தனை குடும்பங்களில் இதனைக் கண்டிருக்கின்றோம்!

ஒலிம்பிக் தூக்குகளின் சிறப்பு இங்கேதான் விளங்கும். இவற்றை மெதுவாகச் செய்யவே முடியாது. சிறிய பாரமானாலும் விரைந்து இழுத்து, விரைந்து அதன் கீழ் நுழைந்து, கால்களை உறுதியாக ஊன்றி நிற்கவேண்டும். ஆகவே, வலிமை, விரைவு, சமநிலை என்ற மூன்றையும் ஒருங்கே பயிற்றுகின்றன. கெற்றில்பெல் வீச்சும் அத்தகையதே; ஆனால் கற்பதற்கு எளிது.

இவை வெறும் நம்பிக்கைகளல்ல. 1990இல் பொஸ்ரன் நகரிலே, முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பத்துப் பேரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரப்பயிற்சி கொடுக்கப்பட்டது. முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், எலும்பு நலிந்த 58 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 101 பேர் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் எட்டு மாதங்கள், வாரம் இருமுறை, அரைமணி நேரம், தகுந்த மேற்பார்வையில் கனமான பாரங்களைத் தூக்கினர். அவர்களின் முள்ளந்தண்டெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. இலேசான பயிற்சி மட்டும் செய்தோர்க்கு அது 1.2 சதவீதம் குறைந்தது. தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகின்றோம். இரும்பு ஆடவர்க்கு மாத்திரம் உரியதன்று. எலும்பு நலிவு பெண்களையே அதிகம் வருத்துகின்றது.

பிரேசில் நாட்டிலே 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை நிலத்தில் இருந்து எழும்பச் சொல்லிச் சோதித்தனர். கையூன்றியோ முழங்காலூன்றியோ பெரும் சிரமத்துடன் எழுந்தவர்களிடையே அடுத்துவந்த சில ஆண்டுகளில் இறப்பு மிகுதியாகக் காணப்பட்டதென 2012இல் எழுதினர். எழும்ப முடியாமைதான் இறப்புக்குக் காரணம் என்று இதனாற் கொள்ளலாகாது. ஆயினும் உடலின் நிலையைக் காட்டும் நல்லதோர் அடையாளம் அது. நிலத்திற் சம்மணமிட்டு இருந்து பழகியவர்கள் நாம். இன்றோ கூட்டங்களில் எமது பெரியோருக்குக் கதிரை தேடவேண்டியிருக்கின்றது. கதிரை கொடுப்பது மரியாதையே. ஆனால், கதிரையின்றி இருக்க முடியாதவாறு கால்கள் ஆகிவிட்டன என்பதையும் அது சொல்கின்றது.

இனி, செய்யும் முறையைச் சொல்வோம்.

முதலாவது, வைத்தியரைக் காணுதல். இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், கண்ணின் உள்ளழுத்தம், நீரிழிவினாற் கண்ணுக்கு நேர்ந்த கேடு ஆகியவை உண்டா என அறிந்தபின்னரே தொடங்கவேண்டும். மூச்சை அடக்கி முக்கித் தூக்கும்பொழுது இரத்த அழுத்தம் சடுதியாக உயரும். ஆதலால் மூத்தோர் முக்கித் தூக்கவேண்டிய பாரத்தை நாடாது, தூக்கும்பொழுது மூச்சை வெளிவிடப் பழகுதல் வேண்டும். நெஞ்சுநோ, தலைச்சுற்று, கண் இருளல் என்பன தோன்றினால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. அடுத்த அலுவல் வைத்தியரிடம் செல்வதே.

இரண்டாவது, இரும்புக்கு முன்னர் தடி. ஒரு தும்புத்தடியின் கம்பே போதும். அதனைத் தலைக்கு மேலே அகலப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பிப் பார்க்கவேண்டும். கணுக்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்பவற்றில் எது இறுகியிருக்கின்றது என்பது அப்பொழுதே தெரியும். ஆழக் குந்த முடியாதவர் பாரத்தின் கீழ் ஆழக் குந்தத் தேவையில்லை. முழங்காலை அரைகுறையாக மடித்தே ஏந்திக்கொள்ளலாம். நிலத்திலிருந்து இழுக்காது தொடையளவிலிருந்து இழுக்கலாம். தோள் இடங்கொடாதவர் ஸ்னாச்சை விட்டு, தோள்வரை கொண்டுவரும் தூக்குடன் நிறுத்திக்கொள்ளலாம். மேடைக்குரிய விதிகள் போட்டியாளர்க்கே. எமக்கு உடம்பு வகுப்பதே விதி.

மூன்றாவது, கெற்றில்பெல். பெண்களும் மெலிந்தோரும் 8 கிலோவுடனும், திடமான ஆடவர் 12 கிலோவுடனும் தொடங்கலாம். முதற்பயிற்சி, குண்டை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தி எழும்புதல். இரண்டாவது வீச்சு. பட்டை இறைத்த காலத்துத் துலாவைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். துலா தன் அச்சிலே சாய்ந்து எழுவதுபோல, முதுகு வளையாது இடுப்பே அச்சாகச் சாய்ந்து நிமிரவேண்டும். குண்டை உயர்த்துவது கையன்று, இடுப்பின் உந்தலே. பத்து வீச்சு, பின்பு ஓய்வு. மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனத்தைச் சொல்லக்கூடியதாக வந்த பின்னரே அடுத்த பத்து. இவ்வாறு ஐந்து முறை போதும். மூன்றாவது, மல்லாந்து படுத்த நிலையிலிருந்து ஒரு கையில் குண்டை மேலே நீட்டியவாறே எழுந்து நிற்றல். முதல் மாதம் வெறுங்கையுடன் செய்யவேண்டும். நிலத்தில் விழுந்தவர் தாமாகவே எழும்புவதற்கு இதனைவிட நேரான பயிற்சி வேறில்லை.

நான்காவது, அளவு. நாள் விட்டு நாளாக வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். அதிற் பத்து நிமிடம் உடலைச் சூடாக்குவதற்கே. பாரந்தூக்கும்பொழுது ஒருமுறைக்கு ஒன்று முதல் மூன்று தூக்குகள். தண்டின் வேகம் குறைந்துவிட்டால், இன்னும் தூக்க முடியுமானாலும் நிறுத்திவிடவேண்டும். விரைவைப் பயிலவே வந்தோமாதலால், மெதுவாகத் தூக்குவதிற் பயனில்லை. தம்மால் ஆகக்கூடியதாகத் தூக்கவல்ல நிறையில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கே அன்றாடப் பாரமாக அமையட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ கூடினாலும் ஆண்டில் இருபத்தாறு கிலோவாகும். ஆனால் அவ்வாறு இடைவிடாது கூடிக்கொண்டே போகாதென்பதையும் அறிந்திருக்கவேண்டும். நாலாவது வாரம் பாரத்தைக் குறைத்து இலேசாகச் செய்வது நன்று. தசையைவிட மூட்டும் நாணும் மெல்லவே தேறும். இளைஞர்க்கு ஒரு நாளிற் போகும் நோவு மூத்தோர்க்கு மூன்று நாள் நிற்கலாம். அது குற்றமன்று, காத்திருந்தால் சரி.

ஐந்தாவது, உணவும் உறக்கமும். மூத்தோர் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அல்லது சற்று மேலாகப் புரதம் உண்பது தகும் என அறிஞர் கூறுவர். சோற்றைக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்ளும் உணவினால் அது நிறைவேறாது. பருப்பு, பயறு, உழுந்து, கௌபி, பால், தயிர் என்பனவும், உண்போர்க்கு மீன், முட்டை என்பனவும் ஒவ்வொரு வேளையும் சேரவேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியர் சொல்லின்படி நடக்கவேண்டும்.

மூத்தோருள்ளும் இருவகையினரை நாம் காண்கின்றோம். ஒருபொழுதும் பயிற்சி செய்யாதவர் ஒருவகை. அவர் அஞ்சி அஞ்சித் தொடங்குவார். ஆதலால் அவருக்கு ஆபத்துக் குறைவு. மற்றவர், இளமையில் விளையாட்டு வீரராக இருந்தவர். இருபது ஆண்டுகள் விட்டபின் திரும்பி வருகின்றார். முறை மறக்கவில்லை; மனமும் தளரவில்லை; ஆனால் நாண்கள் அந்த இருபது ஆண்டுகளையும் எண்ணி வைத்திருக்கின்றன. முதல் வாரத்திலேயே பழைய பாரத்தைத் தேடிச் செல்பவர் இவரே. இவருக்கு நாம் சொல்வது ஒன்று: பழைய கணக்கேட்டை மூடிவிட்டு, இன்றைய தேதியிட்டுப் புதிய ஏடு தொடங்குங்கள். ஐம்பது வயதிலே தூக்கிய முதற்பாரமே ஐம்பதாம் வயதின் சாதனை. அதனை வெல்லுவதே அடுத்த வேலை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தந்தையார் மூடையைத் தூக்கக் குனிவதைக் கண்டதும் ஓடிச்சென்று அதனைப் பறித்துக்கொள்கின்றீர்கள். தாயார் வாளியை எடுத்தால், "விடுங்கோ அம்மா, நான் கொண்டுவாறன்" என்கின்றீர்கள். அன்பினாற் செய்கின்றீர்கள், அதிற் குறையில்லை. ஆனால் இன்று மூடையும் நாளை வாளியும் மறுநாள் செம்பும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால், அவர்கள் தூக்குவதற்கு என்ன மிஞ்சும்? தூக்காத கை தூக்கும் வலுவை இழக்கின்றது. இயலாதவர்க்கு உதவுங்கள், இயன்றவரை இயலாதவராக்கி விடாதீர்கள். அவர் கேட்டபின் உதவுவதே போதும்.

பயிற்சிக் கூடத்திலும் அப்படியே. மூத்தவர் ஒருவர் வெறுந்தண்டைத் தூக்கினால் சிரிக்கவேண்டாம். "இன்னும் ஐந்து கிலோ போடுங்கோ ஐயா" என்று உசுப்பேற்றவும் வேண்டாம். அருகில் நின்று, அவர் முதுகு வளைகின்றதா, மூச்சை அடக்குகின்றாரா என்று பாருங்கள். மதிலிற் சாத்திய தட்டுகளை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் அவரிடமிருந்து கற்கவேண்டியதும் உண்டு. மூத்தவர் அவசரப்படுவதில்லை, நோ வந்தால் ஓய்கின்றார், முறை தவறினால் பாரத்தைக் குறைக்கின்றார். இருபது வயதிலே இப்பழக்கம் உள்ளவனே நாற்பதிலும் தூக்குவான்.

பெரியோர்களே, உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தோர் விழாதிருத்தற்பொருட்டு வாரத்தில் மூன்று நாள் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்றும் கூறியிருக்கின்றது. மாலையில் நடப்பது நன்றே. ஆயினும் நடை ஒன்றினாலே வலிமையும் விரைவும் வந்துவிடா.

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து இவ்வுரையை முடிக்கின்றோம். வாரத்தில் மூன்று காலைகளில், வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம், பயிற்சிக் கூடத்தை மூத்தோர்க்கென ஒதுக்குவோம். பெண்களுக்கும் தனியே ஒரு நேரம் வகுப்போம். ஒரு வெறுந்தண்டு, சில தடிகள், 8 கிலோவிலும் 12 கிலோவிலும் சில குண்டுகள், முறையறிந்த ஒருவர், பக்கத்தில் நிற்க இரண்டு இளைஞர். இவ்வளவும் போதும். முதல் மாதம் எவரும் பெரும் பாரம் தூக்கவேண்டியதில்லை. நிலத்தில் இருந்து கையூன்றாமல் எழும்பக் கற்றுக்கொண்டால், அந்த மாதம் வீண்போகவில்லை.

ஐந்தில் வளைந்தது நன்று. ஐம்பதில் வளைக்கப் பொறுமை வேண்டும், முறை வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இம்மூன்றும் இருந்தால் ஐம்பதிலும் வளையும், எழுபதிலும் நிமிரும்.